பன்னிரண்டு வயதில் ஒரு தேர்வு: சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி இடங்கள் ஒதுக்கப்படுவது எப்படி?

புதுதில்லி: சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 40,000 மாணவர்கள் தொடக்கப்பள்ளியின் ஆறாம் வகுப்பை முடிக்கின்றனர். அவர்கள் அடுத்து எந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்வார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் 'பிஎஸ்எல்இ' எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கே முதன்மையான பங்கு உள்ளது. 1960-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஒரே சமயத்தில் நடத்தப்பட்டு வரும் இத்தேர்வை எழுதும் மாணவர்களின் வயது பெரும்பாலும் பன்னிரண்டு.

இத்தேர்வின் மதிப்பெண் முறை 2021-ஆம் ஆண்டு மாற்றியமைக்கப்பட்டது. தேர்வு முடிவின்படி மாணவர்களை மூன்று தனித்தனிக் கல்விப் பிரிவுகளாகப் பிரிக்கும் வழக்கம் 2024-ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. எனினும் மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளி இடம் ஒதுக்கும் நடைமுறை தொடர்கிறது. மதிப்பெண்ணின் நுணுக்கம் குறைந்ததால், பெற்றோர் பள்ளிகளைத் தெரிவு செய்யும் வரிசைக்கு முன்பு இல்லாத முக்கியத்துவம் இப்போது கிடைத்துள்ளது. சிங்கப்பூரில் பணிபுரியும் இந்தியக் குடும்பங்களுக்கும், அங்கு குடியேறத் திட்டமிடுவோருக்கும் இந்த நடைமுறை குறித்த தெளிவு அவசியமாகிறது.

தேர்வில் உள்ள பாடங்கள் யாவை?

ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய நான்கு பாடங்களில் இத்தேர்வு நடத்தப்படுகிறது. நான்கு பாடங்களுக்கும் சமமான மதிப்பு உண்டு. மொழிப் பாடங்களுக்கான வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட் மாதத்திலும், எழுத்துத் தேர்வுகள் செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையிலும் நடைபெறுகின்றன. முடிவுகள் நவம்பர் மாதப் பிற்பகுதியில் வெளியாகின்றன.

தாய்மொழிப் பாடத்தைப் பொறுத்தவரை, சீனம், மலாய், தமிழ் ஆகிய மூன்றும் அலுவல் மொழிகள் என்ற முறையில் கற்பிக்கப்படுகின்றன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிராத இந்திய வம்சாவளி மாணவர்கள் இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே ஒரு மாணவரின் மொத்த மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு தமிழ்ப் பாடத்திலிருந்து வரக்கூடும். தமிழகத்தின் பல உயர்கல்விச் சேர்க்கைகளில் தமிழ்ப் பாட மதிப்பெண் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உயர்தமிழ் என்னும் கூடுதல் பாடத்தையும் மாணவர்கள் எழுதலாம். அதன் முடிவு தனியே குறிப்பிடப்படும். நான்கு பாடங்களின் மொத்தத்தில் அது சேராது.

பழைய மதிப்பெண் முறையில் என்ன சிக்கல்?

2020-ஆம் ஆண்டு வரை 'டி-ஸ்கோர்' எனப்படும் மதிப்பெண் முறை நடைமுறையில் இருந்தது. இதில் ஒரு மாணவர் பெற்ற மதிப்பெண் அப்படியே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அந்த ஆண்டு தேர்வு எழுதிய அனைவரின் சராசரியிலிருந்து அவர் எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறார் என்பது கணக்கிடப்பட்டது. கணிதத்தில் 85 மதிப்பெண் பெற்ற மாணவருக்கு, மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து ஓர் ஆண்டில் உயர்ந்த தரமும் வேறோர் ஆண்டில் சற்றுக் குறைந்த தரமும் கிடைக்கலாம். எனவே மாணவர் தமது பாடத்தைக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது; உடன் எழுதும் மாணவர்களை முந்தவும் வேண்டும் என்ற நிலை இருந்தது.

இம்முறையில் இருநூறுக்கும் மேற்பட்ட வெவ்வேறு மொத்த மதிப்பெண்கள் உருவாக வாய்ப்பிருந்தது. ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் ஒருவருக்கு விரும்பிய பள்ளி கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. பன்னிரண்டு வயதுச் சிறாரிடையே அந்த ஒரு புள்ளி கல்வித் திறனில் உண்மையான வேறுபாடு எதையும் காட்டுகிறதா என்ற கேள்வி நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்தது.

முதலிடம் பெற்ற மாணவரின் பெயரை அறிவிக்கும் வழக்கம் 2012-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. மதிப்பெண் முறையே மாற்றப்படும் என 2013-ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியென் லூங் அறிவித்தார். புதிய முறையின் விவரங்கள் 2016-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. பெற்றோரும் பள்ளிகளும் தயாராவதற்கு அவகாசம் அளிக்கப்பட்டு, 2021-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் அது நடைமுறைக்கு வந்தது.

புதிய முறை எப்படி இயங்குகிறது?

தற்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரையிலான அடைவுநிலை வழங்கப்படுகிறது. 1 என்பது மிக உயர்ந்த நிலை. 8 என்பது மிகக் குறைந்த நிலை. மதிப்பெண் வரம்புகள் பின்வருமாறு:

அடைவுநிலை 1: 90 மற்றும் அதற்கு மேல்
அடைவுநிலை 2: 85 முதல் 89 வரை
அடைவுநிலை 3: 80 முதல் 84 வரை
அடைவுநிலை 4: 75 முதல் 79 வரை
அடைவுநிலை 5: 65 முதல் 74 வரை
அடைவுநிலை 6: 45 முதல் 64 வரை
அடைவுநிலை 7: 20 முதல் 44 வரை
அடைவுநிலை 8: 20-க்கும் கீழ்

நான்கு பாடங்களின் அடைவுநிலைகளையும் கூட்டினால் மொத்த மதிப்பெண் கிடைக்கும். மிகச் சிறந்த மதிப்பெண் 4. மிகக் குறைந்த மதிப்பெண் 32. எண் குறையக் குறையத் தரம் உயர்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட மொத்த மதிப்பெண்கள் இருந்த இடத்தில் இப்போது 29 மட்டுமே உள்ளன.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவி ஆங்கிலத்தில் 82, கணிதத்தில் 91, அறிவியலில் 76, தமிழில் 88 பெற்றிருப்பதாகக் கொள்வோம். அவருடைய அடைவுநிலைகள் முறையே 3, 1, 4, 2, மொத்தம் 10. வேறொரு மாணவர் இதே பாடங்களில் 80, 99, 79, 85 பெற்றிருந்தாலும் அவருடைய மொத்தமும் 10 தான். இருவரும் சமமாகவே கருதப்படுகின்றனர். பிற மாணவர்கள் எப்படி எழுதினார்கள் என்பது இவர்களின் மதிப்பெண்ணைப் பாதிக்காது. இதுவே சீர்திருத்தத்தின் அடிப்படை நோக்கம்.

பாடங்களைக் கடினமாக உணரும் மாணவர்கள் சில பாடங்களை எளிமையான அடிப்படை நிலையில் எழுதலாம். அதில் 75 அல்லது அதற்கு மேல் பெற்றால் அது அடைவுநிலை 6-க்கு இணையாகவும், 30 முதல் 74 வரை பெற்றால் அடைவுநிலை 7-க்கு இணையாகவும், அதற்கும் குறைந்தால் அடைவுநிலை 8-க்கு இணையாகவும் கொள்ளப்படும். தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெற்ற மாணவர்களுக்கு, மற்ற மூன்று பாடங்களில் அவர்களின் தேர்ச்சியைக் கொண்டு 6 முதல் 8 வரையிலான ஒரு நிலை வழங்கப்படுகிறது. சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் விலக்குக் கோருவதற்கு முன் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். விலக்குப் பெற்றால் பாடச் சுமை குறையும். ஆனால் மொத்த மதிப்பெண் உயர்வதற்கான வாய்ப்பும் குறையும்.

எல்லைக்கோடுகள் நீங்கிவிட்டனவா?

இல்லை. எல்லைக்கோடுகளின் எண்ணிக்கை குறைந்துள்ளது. அவற்றின் விளைவு மறையவில்லை. நான்கு பாடங்களிலும் 89 பெற்ற மாணவரின் மொத்தம் 356. அவருக்கு எல்லாப் பாடங்களிலும் அடைவுநிலை 2 என்பதால், இறுதி மதிப்பெண் 8. மூன்று பாடங்களில் 90-ம் ஒரு பாடத்தில் 85-ம் பெற்ற மாணவரின் மொத்தம் 355. ஒரு மதிப்பெண் குறைவு. ஆயினும் அவருடைய இறுதி மதிப்பெண் 5. அதிகப் புகழ்பெற்ற பள்ளிகளில் 5-க்கும் 8-க்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

அடைவுநிலை 2 முதல் 4 வரையிலான வரம்புகள் ஐந்து மதிப்பெண்களுக்குள் அடங்கியிருக்க, அடைவுநிலை 6 இருபது மதிப்பெண்களைத் தன்னுள் கொண்டுள்ளது. 45 பெற்றவரும் 64 பெற்றவரும் ஒரே நிலையில் வைக்கப்படுகின்றனர். எந்த வரம்பு முறையிலும் இத்தகைய விளிம்புகள் இருந்தே தீரும். மதிப்பெண்களை இயன்றவரை நுணுக்கமாகப் பிரித்தால் தேவையற்ற போட்டி வளர்கிறது. பெரும்பிரிவுகளாக வகுத்தால் விளிம்பில் நிற்பவருக்கு இழப்பு நேர்கிறது. இவ்விரண்டில் முதலாவது தீங்கைக் குறைப்பதையே சிங்கப்பூர் தேர்ந்தெடுத்துள்ளது.

பள்ளி இடம் ஒதுக்கப்படுவது எவ்வாறு?

தேர்வு முடிவுகள் வந்தபின், ஏறத்தாழ ஒரு வார காலத்துக்குள் பெற்றோர் ஆறு பள்ளிகளை விருப்ப வரிசைப்படி பதிவு செய்ய வேண்டும். டிசம்பர் மாதப் பிற்பகுதியில் ஒதுக்கீடு அறிவிக்கப்படுகிறது. ஜனவரியில் வகுப்புகள் தொடங்குகின்றன.

ஒதுக்கீட்டில் முதலில் பார்க்கப்படுவது மதிப்பெண். சிறந்த மதிப்பெண் பெற்றவருக்கே முன்னுரிமை. ஒரு பள்ளியை ஆறாவது விருப்பமாகக் குறிப்பிட்ட மாணவரின் மதிப்பெண் 9 ஆகவும், அதே பள்ளியை முதல் விருப்பமாகக் குறிப்பிட்டவரின் மதிப்பெண் 10 ஆகவும் இருந்தால், முந்தைய ஐந்து விருப்பங்களிலும் இடம் கிடைக்காத நிலையில் 9 பெற்றவரே அப்பள்ளியின் இடத்துக்கு முதலில் பரிசீலிக்கப்படுவார்.

ஒரே மதிப்பெண் பெற்ற பலர் கடைசிச் சில இடங்களுக்குப் போட்டியிடும்போது மூன்று விதிகள் வரிசையாகப் பின்பற்றப்படுகின்றன. முதலாவது குடியுரிமை: சிங்கப்பூர்க் குடிமக்கள், அவர்களுக்கு அடுத்து நிரந்தரவாசிகள், பின்னர் வெளிநாட்டு மாணவர்கள். இரண்டாவது விருப்ப வரிசை: பள்ளியை மேலான இடத்தில் குறிப்பிட்டவருக்கு முன்னுரிமை. இவ்விரண்டிலும் சமநிலை நீடித்தால், கணினி மூலம் குலுக்கல் நடத்தப்படும். குறிப்பிட்ட ஆறு பள்ளிகளில் எதிலும் இடம் கிடைக்காதவர்களுக்கு, காலியிடம் உள்ள வேறொரு பள்ளி, வீட்டின் தொலைவைக் கருத்தில் கொண்டு ஒதுக்கப்படும்.

விருப்ப வரிசை ஏன் முக்கியமானது?

விருப்ப வரிசை சமநிலையைத் தீர்க்கும் விதியாகச் சேர்க்கப்பட்டது 2021-இல்தான். அதற்கு முன்பு குடியுரிமையும் குலுக்கலும் மட்டுமே இருந்தன. மதிப்பெண்கள் நுணுக்கமாகப் பிரிந்திருந்ததால் சமநிலை ஏற்படுவதும் அரிது. இப்போது 40,000 மாணவர்கள் 29 மதிப்பெண்களுக்குள் அடங்குவதால், ஒரே மதிப்பெண்ணில் பலர் நிற்பது இயல்பாகிவிட்டது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டு மூலம் காணலாம். ஒரு மாணவரின் மதிப்பெண் 12. கடந்த ஆண்டு ஒரு பள்ளி 10 வரை பெற்றவர்களைச் சேர்த்தது. அதனை அவர் முதல் விருப்பமாகக் குறிப்பிடுகிறார். 12 வரை பெற்றவர்களைச் சேர்த்த மற்றொரு பள்ளியை இரண்டாவதாக வைக்கிறார். முதல் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது பள்ளியில் 12 மதிப்பெண்ணுடன் பலர் காத்திருக்கின்றனர். அவர்களில் சிலர் அப்பள்ளியை முதல் விருப்பமாக வைத்தவர்கள். மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், கடைசி இடங்கள் அவர்களுக்கே செல்லும். எட்டாத பள்ளியை முதலிடத்தில் வைத்ததன் பயனாக, எட்டக்கூடிய பள்ளியையும் அம்மாணவர் இழக்க நேரிடலாம்.

ஒவ்வொரு பள்ளியும் கடந்த ஆண்டு எந்த மதிப்பெண் முதல் எந்த மதிப்பெண் வரை மாணவர்களைச் சேர்த்தது என்ற விவரத்தைக் கல்வி அமைச்சகம் வெளியிடுகிறது. ஆறு விருப்பங்களில் குறைந்தது இரண்டு அல்லது மூன்று பள்ளிகளாவது, மாணவரின் மதிப்பெண்ணை விடத் தளர்வான எல்லை கொண்டவையாக இருக்க வேண்டும் என்பது அமைச்சகத்தின் அறிவுரை. இந்த எல்லைகள் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுபவை அல்ல. அந்தந்த ஆண்டு விண்ணப்பிப்போரைப் பொறுத்து மாறுபவை. ஆகவே கடந்த ஆண்டு எல்லை ஒரு வழிகாட்டி மட்டுமே, உறுதிமொழி அல்ல.

பள்ளியின் பெயரை மட்டும் பார்க்காமல், வீட்டிலிருந்து செல்லும் நேரம், பள்ளியில் உள்ள விளையாட்டு மற்றும் கலை வாய்ப்புகள், தாய்மொழி வகுப்பு ஆகியவற்றையும் பெற்றோர் எடைபோட வேண்டியுள்ளது. எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு இல்லை. அத்தகைய பள்ளிகளில் சேரும் தமிழ் மாணவர்கள், பள்ளி நேரத்துக்குப் பிறகு உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற மையங்களுக்குச் சென்று தமிழ் பயில்கின்றனர். வாரத்தில் சில நாள்கள் கூடுதல் பயணம் என்பது பதின்மூன்று வயது மாணவருக்குச் சிறிய விஷயமல்ல.

மதிப்பெண் இன்றியும் சேர வழி உண்டா?

2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தின் கீழ், விளையாட்டு, இசை, கலை, குறிப்பிட்ட பாடத்தில் தனித்திறன் ஆகியவற்றைக் கொண்டு தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பள்ளிகள் மாணவர்களைத் தெரிவு செய்யலாம். 2018-ஆம் ஆண்டு முதல் எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் தங்கள் முதல் வகுப்பு இடங்களில் 20 சதவீதம் வரை இவ்வழியில் நிரப்ப அனுமதிக்கப்பட்டுள்ளன. இத்திட்டத்தில் இடம் பெற்றவர்கள் பின்னர் பொது ஒதுக்கீட்டில் பங்கேற்க முடியாது. தேர்வில் எதிர்பார்த்ததை விடச் சிறந்த மதிப்பெண் பெற்றாலும் வேறு பள்ளிக்கு மாற இயலாது.

இணைப்புப் பள்ளி என்ற ஏற்பாடும் உண்டு. ஒரே நிர்வாகத்தின் கீழ் அல்லது மரபுத் தொடர்புடன் இயங்கும் தொடக்கப்பள்ளியில் படித்தவர், அதன் உயர்நிலைப் பள்ளியை முதல் விருப்பமாகக் குறிப்பிட்டால் சேர்க்கையில் முன்னுரிமை பெறலாம். இது வெளியாருக்கு வாய்ப்பை மூடிவிடுகிறது என்ற கவலை எழுந்ததால், இத்தகைய பள்ளிகளில் 20 சதவீத இடங்கள் இணைப்பு இல்லாத மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. 2019-ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்கள் முதல் இது நடைமுறையில் உள்ளது.

சேர்ந்த பின் என்ன மாறியுள்ளது?

மதிப்பெண் முறை மாற்றத்தைவிட ஆழமான மாற்றம் உயர்நிலைப் பள்ளிக்குள் நிகழ்ந்துள்ளது. அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் 1979-ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, மாணவர்களைத் திறன் அடிப்படையில் பிரித்துக் கற்பிக்கும் முறை சிங்கப்பூரில் வேரூன்றியது. பள்ளியை இடையில் கைவிடும் மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் நோக்கம். அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியது. ஆனால் காலப்போக்கில் விரைவுநிலை, வழக்கநிலை ஏட்டுக்கல்வி, வழக்கநிலை தொழில்நுட்பம் என்ற மூன்று பிரிவுகளும் மாணவர்கள் மீது ஒட்டப்பட்ட முத்திரைகளாக மாறின. கணிதத்தில் சிறந்து விளங்கும் ஒரு மாணவர், ஆங்கிலத்தில் பின்தங்கிய காரணத்தால் எல்லாப் பாடங்களையும் தாழ்ந்த நிலையில் படிக்க வேண்டிய சூழல் ஏற்பட்டது.

இப்பிரிவுகள் நீக்கப்படும் என 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2024-ஆம் ஆண்டு உயர்நிலை முதல் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு மூன்று பிரிவுகளும் இல்லை. அதற்குப் பதிலாக மூன்று சேர்க்கைக் குழுக்கள் உள்ளன. மொத்த மதிப்பெண் 4 முதல் 20 வரை பெற்றவர்கள் மூன்றாம் குழுவிலும், 23 அல்லது 24 பெற்றவர்கள் இரண்டாம் குழுவிலும், 26 முதல் 30 வரை பெற்றவர்கள் முதலாம் குழுவிலும் இடம் பெறுகின்றனர். முதலாம் குழுவில் சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அடைவுநிலை 7 அல்லது அதற்கு மேலான நிலை தேவை. 21, 22 பெற்றவர்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் குழுவையும், 25 பெற்றவர்கள் முதலாம் அல்லது இரண்டாம் குழுவையும் தெரிவு செய்யலாம்.

இக்குழு, பள்ளியில் சேர்வதற்கும் தொடக்கத்தில் பாடங்களின் நிலையை முடிவு செய்வதற்கும் மட்டுமே பயன்படுகிறது. வகுப்பறையில் மூன்று குழு மாணவர்களும் ஒன்றாக அமர்கின்றனர். கலை, இசை, உடற்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவு மற்றும் நுகர்வோர் கல்வி, நற்குணம் மற்றும் குடியியல் கல்வி ஆகிய ஆறு பாடங்களை அவர்கள் சேர்ந்தே பயில்கின்றனர். மொத்தப் பாட நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவற்றுக்குரியது.

மற்ற பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என மூன்று நிலைகளில் கற்பிக்கப்படுகின்றன. இவற்றில் ஜி3 மிகவும் கடினமானது. முதலாம் குழுவில் சேர்ந்த மாணவர் தமிழில் அடைவுநிலை 5 அல்லது அதைவிடச் சிறந்த நிலை பெற்றிருந்தால், தமிழை மட்டும் ஜி3 நிலையில் படிக்கலாம். ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. அடுத்தடுத்த வகுப்புகளில் முன்னேற்றத்தைப் பொறுத்து நிலைகளை மாற்றிக்கொள்ளவும் முடியும். ஒரு மாணவர் எந்தப் பள்ளியில் இடம் பெறுகிறார் என்பதும், எந்தப் பாடத்தை எந்த ஆழத்தில் படிக்கிறார் என்பதும் இதன்மூலம் தனித்தனிக் கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

தேர்ச்சி பெறாதவர்களின் நிலை என்ன?

அண்மை ஆண்டுகளில் தேர்வு எழுதியவர்களில் 98 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உயர்நிலைப் பள்ளிக்குத் தகுதி பெற்றுள்ளனர். எனவே இத்தேர்வு பெரும்பாலோருக்குக் கதவை அடைக்கும் தேர்வல்ல. எந்தக் கதவு என்பதைத் தீர்மானிக்கும் தேர்வு. தகுதி பெறாத சிலர் ஆறாம் வகுப்பை மீண்டும் படிக்கலாம். அல்லது நார்த்லைட், அசம்ப்ஷன் பாத்வே போன்ற சிறப்புப் பள்ளிகளில் சேர்ந்து தொழிற்பயிற்சியுடன் கூடிய கல்வியைப் பெறலாம்.

போட்டி தணிந்துள்ளதா?

மாணவர்களின் தேர்வுச் சுமையைக் குறைக்கும் நோக்கில் வேறு சில நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டுள்ளன. தொடக்கநிலை முதலிரண்டு வகுப்புகளில் 2019 முதல் தேர்வு இல்லை. தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் அரையாண்டுத் தேர்வுகள் 2023-க்குள் நீக்கப்பட்டன. 'ஒவ்வொரு பள்ளியும் நல்ல பள்ளி' என்பதைக் கல்வி அமைச்சகம் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது.

ஆயினும் குடும்பங்களின் செலவு வேறொரு செய்தியைச் சொல்கிறது. அரசின் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி, தனிப்பயிற்சி வகுப்புகளுக்காக 2018-இல் சுமார் 140 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவிடப்பட்டது. 2023-இல் இது சுமார் 180 கோடி வெள்ளியாக உயர்ந்தது. வசதியுள்ள குடும்பங்கள் கூடுதலாகச் செலவிட முடியும் என்பதால், தகுதியை அளக்க வேண்டிய மதிப்பெண்ணில் குடும்பத்தின் வருவாயும் கலந்துவிடுகிறது என்பது விமர்சகர்களின் வாதம்.

போட்டி தொடர்வதற்கு அடிப்படைக் காரணம், எல்லாப் பள்ளிகளும் ஒரே பாதையை வழங்கவில்லை என்பதே. சில பள்ளிகளில் உள்ள ஆறாண்டு ஒருங்கிணைந்த திட்டம், இடைநிலைப் பொதுத் தேர்வு இன்றி நேரடியாகப் பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வு வரை மாணவர்களை அழைத்துச் செல்கிறது. அதில் சேரப் பெரும்பாலும் ஒற்றை இலக்க மதிப்பெண் தேவைப்படுகிறது. இத்தகைய பள்ளிகளுக்கான ஆர்வம் நீடிக்கும் வரை, மதிப்பெண்ணை அளக்கும் முறையை மாற்றுவதால் மட்டும் பெற்றோரின் அச்சம் முழுமையாக விலகாது. பன்னிரண்டு வயதுத் தேர்வையே நீக்கிவிட்டுப் பத்தாண்டுத் தொடர்கல்வி வழங்கலாம் என்ற யோசனை நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டபோதும், தேர்வைத் தொடரவே அரசு முடிவு செய்துள்ளது.

இந்தியாவில் நிலை என்ன?

இந்தியாவில் இதற்கு நேரெதிரான கொள்கையே சட்டமாக உள்ளது. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையும் பொதுத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டிய கட்டாயம் இல்லை. சேர்க்கையின்போது குழந்தையைத் தேர்வு வைத்து வடிகட்டுவதையும் அச்சட்டம் தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளின் முடிவில் தேர்வு நடத்தவும், மறுவாய்ப்பிலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தவும் மாநிலங்களுக்கு அனுமதி அளித்தது. அவ்வாண்டு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு அறிவித்த தமிழக அரசு, எதிர்ப்பைத் தொடர்ந்து 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது.

எனினும் மதிப்பெண் அடிப்படையில் ஆறாம் வகுப்புக்கு மாணவர்களைத் தெரிவு செய்யும் பள்ளிகள் இந்தியாவிலும் உள்ளன. ஜவாஹர் நவோதயா பள்ளிகளும் சைனிக் பள்ளிகளும் இதற்கென நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. நவோதயா பள்ளிகளில் குறைந்தது 75 சதவீத இடங்கள் ஊரகப் பகுதி மாணவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. தமிழகத்தில் நவோதயா பள்ளிகள் இல்லை. இங்கு தேர்வு என்பது ஒரு சிறு பகுதியினருக்கான வாய்ப்பு. சிங்கப்பூரில் அது ஒவ்வொரு மாணவருக்குமான ஒதுக்கீட்டு முறை. இரண்டையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது என்ன?

கல்விப் பிரிவுகள் இல்லாமல் 2024-ஆம் ஆண்டு சேர்ந்த முதல் அணி மாணவர்கள், 2027-ஆம் ஆண்டு புதிய பொதுத் தேர்வை எழுதுவார்கள். இதுவரை தனித்தனியாக இருந்த ஓ-நிலை, என்-நிலைத் தேர்வுகளுக்கு மாற்றாக ஒரே சான்றிதழ்த் தேர்வு நடத்தப்படும். ஒவ்வொரு பாடத்தையும் எந்த நிலையில் எழுதினார் என்பது அதில் குறிப்பிடப்படும்.

பன்னிரண்டு வயதில் முதலாம் சேர்க்கைக் குழுவில் இடம்பெற்ற மாணவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டுகளில் சில பாடங்களையேனும் உயர்ந்த நிலைக்குக் கொண்டு சென்றனர் என்பது அப்போது தெரியவரும். தொடக்கப்பள்ளித் தேர்வு மதிப்பெண் ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டுமே இருக்கிறதா, அல்லது பழைய பிரிவுகளைப் போலவே எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறதா என்ற கேள்விக்கு அந்த முடிவுகளே முதல் விடையாக அமையும்.